கண்ணாடியில் கோலம்: ஊதுகுழல் தொழிலை ஆசானிடம் கற்கும் முறை

கைத்தொழில்கள் இருவகைப்படும். நூலைப் படித்தும் படத்தைப் பார்த்தும் ஓரளவு பழகிக்கொள்ளக் கூடியவை ஒருவகை. தேர்ந்த கையை அருகிலிருந்து கண்டு, அதன் மேற்பார்வையில் தன் கையைப் பழக்கினாலன்றி வாராதவை மற்றொரு வகை. ஏர் பிடித்தலும், பானை வனைதலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதை உழவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதி, அதன் உடலிலேயே வண்ணக் கோடுகளும் பூக்களும் வலைப்பின்னல்களும் அமையுமாறு கலம் செய்யும் தொழிலும் அவ்வகையினதே.

மங்கலம்பேட்டை வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இத்தொழிலைப் பற்றி அறிய வேண்டுவது என்ன என்று சிலர் வினவலாம். காரணம் இரண்டு உண்டு. முதலாவது, நம் மாவட்டத்தின் கடலோரம் பண்டைக் காலத்தில் கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. இரண்டாவது, ஒரு கைத்தொழில் எவ்வாறு அழிகிறது, எவ்வாறு பிழைக்கிறது என்பதைக் கண்ணாடித் தொழிலின் வரலாறு ஐயமின்றிக் காட்டுகிறது. அந்தப் பாடம், நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் பொருந்தும்.

நம் மாவட்டமும் கண்ணாடி மணியும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை உள்ளது. அங்கிருந்து கிழக்கே கடற்கரை வரையிலுள்ள நிலம் நெல்லும் கரும்பும் மணிலாவும் முந்திரியும் விளையும் பூமி. அந்தக் கடலோரத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணித் தொழில் சிறந்திருந்தது.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினரும் அவ்விடத்தை ஆராய்ந்தனர். உரோம நாட்டு வணிகத்தைக் காட்டும் பொருள்களோடு, கண்ணாடி மணிகளும் அவை செய்யப்பட்டபோது எஞ்சிய கழிவுகளும் அங்குக் கிடைத்தன. கடலூருக்குத் தெற்கேயுள்ள காரைக்காடு, குடிகாடு பகுதியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்து மணித் தொழிலின் சுவடுகளைக் கண்டனர். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்கு அருகில் மணிக்கொல்லை என்றே ஓர் ஊர் உண்டு. கொல்லையில் மணி கிடைத்தமை அப்பெயரிலேயே விளங்குகிறது. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வுக்கென அறிவித்த ஊர்களுள் மணிக்கொல்லையும் ஒன்று.

இம்மணிகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை 6 மில்லிமீட்டர் விட்டத்திற்கும் குறைந்தவை. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என ஒவ்வொரு மணியும் ஒரே நிறமுடையது. இவ்வகை மணிகள் தென்கிழக்காசிய நாடுகளிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைப்பதால், பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இவற்றிற்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். உலகின் பாதித் தூரம் சென்ற இம்மணிகளைச் செய்த கைகளின் வித்தை இன்று நம் கடலோரத்தில் எந்தக் குடும்பத்திலும் இல்லை. மணிகள் மண்ணில் எஞ்சின; வித்தை மறைந்தது.

கண்ணாடி என்பது யாது?

கண்ணாடியின் முதற்பொருள் மணல். தூய மணல் உருகுவதற்கு 1,700 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு வெப்பம் வேண்டும். அதனுடன் சோடா உப்பைச் சேர்த்தால் உருகும் வெப்பம் குறைகிறது. சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையும் தன்மையுடையது. ஆதலால் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகிறது. சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ 100-க்கு 70 பங்கு மணற்சத்தும், 15 பங்கு சோடாவும், 10 பங்கு சுண்ணாம்பும் இருக்கும். நம் முன்னோர் வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண் போன்ற மண்ணிலிருந்தே சோடாவைப் பெற்று மணி செய்திருக்கின்றனர்.

உலோகச் சத்துகள் கண்ணாடிக்கு நிறம் தருகின்றன. கோபால்ட் நீலமும், மாங்கனீசு ஊதாவும், இரும்பு பச்சையும் தரும். செம்பு, உலையில் காற்றோட்டம் மிகுந்தால் நீலப்பச்சையும், காற்றோட்டம் குறைந்து புகை மிகுந்தால் செங்கல் சிவப்பும் தரும். ஒரே சரக்கு நெருப்பின் தன்மைக்கேற்ப இரு நிறம் காட்டுவது இத்தொழிலின் நுட்பங்களுள் ஒன்று.

கண்ணாடிக்கு மற்றொரு தனிக்குணம் உண்டு. நீர் பனிக்கட்டியாவது போல அது ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் சட்டென்று உறைவதில்லை. தேன் போலிருந்து, வெல்லப்பாகு போலாகி, மெழுகு போலாகி, பின்னர்க் கல்லாகிறது. இந்த இடைநிலைகள் சில நொடிகளே நிற்கும். அந்த நொடிகளுக்குள் ஊதவும் இழுக்கவும் முறுக்கவும் வேண்டும்.

பாப்பாநாயுடுபேட்டையின் உலை

நம் கடலோரத்தில் மறைந்த வித்தை, ஆந்திரப் பிரதேசத்தில் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் அணித்தேயுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் கிராமத்தில் பிழைத்திருந்தது. அரிக்கமேட்டு மணிகள் செய்யப்பட்ட முறையும் இதுவே என்பது பீட்டர் பிரான்சிஸ் போன்ற ஆய்வாளர்களின் முடிவு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் கண்டு எழுதிவைத்த முறை வருமாறு:

உலையில் உருகிய கண்ணாடியை 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சிறிது சிறிதாகச் சேர்த்து, பெருங்கட்டியாக்கிக் கூம்பு வடிவில் உருட்டுவர். குழாயினூடே ஓர் இரும்புக் கோலைச் செலுத்திக் கட்டியின் நடுவே துளையிடுவர். அக்கட்டியை மீண்டும் உலைக்குள் வைத்ததும், எதிர்ப்புறத்துத் துவாரத்தருகே அமர்ந்த மூத்த தொழிலாளி, கொக்கியால் கண்ணாடியின் நுனியைப் பற்றி வெளியே இழுக்கத் தொடங்குவார். பின்னர்க் கை மாற்றிக் கை மாற்றி இடைவிடாமல் இழுப்பார். நடுத்துளை மூடாமல், மெல்லிய குழல் அறுபடாமல் வந்துகொண்டேயிருக்கும். குழலின் பருமன் அவர் இழுக்கும் வேகத்தைப் பொறுத்தது. வேகமாக இழுத்தால் நூல்போலாகும், தாமதித்தால் தடிக்கும்.

அக்குழலை முழ அளவினவாக ஒடித்து, கத்தி முனையில் வைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குவர். பின்னர்த் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து வாணலியில் சூடாக்கிக் கிளறுவர். விளிம்புகள் உருகி உருண்டையாகும். சாம்பல் துளையை அடைக்காமல் காக்கும். இறுதியில் சலித்து, கழுவி, சரமாகக் கோப்பர்.

இங்கு ஊதுதல் இல்லை. ஆயினும் கோலக் கண்ணாடித் தொழில் முழுவதற்கும் தாயான உண்மை இதில் அடங்கியுள்ளது. கண்ணாடியை இழுக்கும்போது அதன் உள்ளமைப்பு மாறுவதில்லை, சிறுத்துக்கொண்டே போகிறது. கட்டியில் பெருந்துளையாக இருந்தது குழலில் ஊசித் துளையாகிறது. துளைக்குப் பதிலாகக் கட்டியில் ஒரு பூவை அமைத்து இழுத்தால், கம்பி முழுவதும் அந்தப் பூ சிறிதாகி ஓடும். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் ஒரே வளைய அமைப்புத் தெரிவது போல, அக்கம்பியை எங்கே நறுக்கினாலும் ஒரே பூ தெரியும்.

கோலம் கண்ணாடிக்குள் புகும் விதம்

மேற்கூறிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு கோலக் கண்ணாடியை உச்ச நிலைக்குக் கொண்டுசென்றவர்கள் இத்தாலி நாட்டில் வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவின் தொழிலாளர்கள். அவர்கள் முறைகளுள் முதன்மையானவற்றைப் படிப்படியாக இங்குக் காண்போம்.

(1) கம்பி இழுத்தல்: வண்ணக் கண்ணாடிக் கட்டியின் மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்து, மறுமுனையில் வேறொரு கோலை ஒட்டி, இருவர் எதிரெதிர்த் திசையில் நடப்பர். கட்டி பென்சில் பருமனுள்ள நீண்ட கம்பியாகும். அதை ஒரே அளவான துண்டுகளாக நறுக்குவர்.

(2) முறுக்குக் கம்பி: மேற்கூறியவாறு இழுக்கும்போதே ஒருவர் தம் கோலை உருட்டிக்கொண்டிருந்தால், உள்ளிருக்கும் வண்ணக் கோடுகள் கயிற்றின் புரிபோல் முறுக்கிக்கொள்ளும். வைக்கோற் பிரி திரித்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்.

(3) சுற்றியெடுத்தல்: கம்பித் துண்டுகளை ஓலைப்பாயின் கீற்றுகள் போல நெருக்கமாக அடுக்கிச் சூடாக்குவர். அவை ஒட்டிப் பலகையானதும், ஊதுகுழல் நுனியிலுள்ள சூடான கண்ணாடி வளையத்தை அதன் ஓரத்தில் வைத்து உருட்டிப் பாய்போல் சுருட்டியெடுப்பர். திறந்த முனையைச் சேர்த்து மூடி, குழலில் ஊதினால் கோடுகள் நிறைந்த குமிழ் உண்டாகும். அதைக் குவளையாகவோ கூசாவாகவோ உருவாக்கலாம்.

(4) வலைப்பின்னல்: கோடுகள் வலப்புறம் சாய்ந்த ஒரு குமிழையும், இடப்புறம் சாய்ந்த ஒரு குமிழையும் செய்து, ஒன்றை மற்றொன்றினுள் செலுத்தி ஊதி ஒட்டுவர். கோடுகள் குறுக்கிட்டு வலையாகும். கம்பிகளின் மேடு பள்ளங்களுக்கிடையே காற்று சிக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நுண்குமிழ் நிற்கும். எல்லாக் குமிழும் ஒரே அளவாக நிற்பதே தேர்ச்சியின் அடையாளம்.

(5) பூ வில்லைகள்: பூ அமைந்த கம்பியைச் சன்னமான வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று நெருங்க அடுக்கிச் சூட்டில் ஒட்டி, மேற்கூறியவாறு சுருட்டி ஊதுவர்.

(6) இழை வாரல்: குமிழின் மேல் வண்ண இழைகளைச் சுற்றி, அவை இளகியிருக்கும்போது கொக்கியால் மேலும் கீழும் இழுப்பர். கோடுகள் இறகு போலவும் அலை போலவும் வளையும்.

இவற்றிற்கு வேண்டிய கருவிகள் அதிகமல்ல. ஏறக்குறைய 4, 5 அடி நீளமுள்ள இரும்பு ஊதுகுழல், உருட்டுவதற்கு வழவழப்பான இரும்புப் பலகை, நீரில் ஊறிய மரக் கரண்டி, பெரிய இடுக்கி, கத்தரி, செய்த கலத்தை அடிப்புறத்தில் பற்றிக்கொள்ளும் பிடிகோல், நனைத்து மடித்த செய்தித்தாள் ஆகியவையே முக்கியமானவை. நூற்றாண்டுகளாக இவை பெரிதும் மாறவில்லை.

ஆசானின் கை ஏன் வேண்டும்?

முறைகளை இவ்வளவு எளிதில் எழுதிவிடலாமாயின், படித்தே பழகலாமே எனத் தோன்றும். அது இயலாது என்பதை 1962-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

அமெரிக்காவில் அக்காலத்தில் கண்ணாடி ஊதுதல் பெருந்தொழிற்சாலைக்குரிய வேலையாக இருந்தது. ஹார்வி லிட்டில்டன் என்னும் மட்பாண்டக் கலை ஆசிரியர், ஒரு கலைஞர் தம் பட்டறையிலேயே கண்ணாடி ஊத வழி காண விரும்பினார். டொலேடோ நகரத்து அருங்காட்சியகத்தில் அவர் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். டொமினிக் லாபினோ என்னும் தொழில்நுட்ப வல்லுநர் சிறிய உலை அமைக்கவும், எளிதில் உருகும் கண்ணாடியைப் பெறவும் உதவினார். உலை எரிந்தது, கண்ணாடியும் உருகியது. ஆனால் கூடியிருந்தோரிடம் ஊதிப் பழகிய கை இல்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீப்கிரீன் என்னும் முதியவர் வந்து ஊதுகுழலைக் கையிலெடுத்துச் செய்து காட்டிய பிறகே அவர்களுக்கு வழி புலப்பட்டது. ஆசிரியரின் கல்வியும் வல்லுநரின் அறிவும் ஓய்வுபெற்ற தொழிலாளியின் கைப்பழக்கமும் ஒன்றுசேர்ந்த பின்னரே அந்நாட்டில் சிறு பட்டறைக் கண்ணாடிக் கலை தோன்றியது.

ஆசானிடம் அருகிலிருந்து கற்க வேண்டியவை யாவை? முதலாவது, குழலை உருட்டுதல். குழல் நுனியிலுள்ள குழம்பு எந்நேரமும் கீழ்நோக்கிச் சரியப் பார்க்கும். இடையறாது உருட்டினால்தான் அது நடுவில் நிற்கும். ஊதும்போதும் பேசும்போதும் திரும்பும்போதும் கை உருட்டலை மறவாதிருக்க வேண்டும். இரண்டாவது, நிறமறிதல். வெண்மஞ்சள், ஆரஞ்சு, மங்கிய சிவப்பு என்று கண்ணாடி ஒளிரும் நிறமே அதன் சூட்டுக்கு அளவுகோல். எந்த நிறத்தில் ஊதுவது, எந்த நிறத்தில் இழுப்பது என்பதைக் கண் பழக வேண்டும். மூன்றாவது, மூச்சு. வலிமையாக ஊதுவது பெரிதன்று. தக்க நேரத்தில் சிறிதளவு ஊதுவதே அரிது. நான்காவது, கூட்டுவேலை. ஆசான் கேட்குமுன் கதவைத் திறப்பதும், தக்க சூட்டில் துணுக்குக் கண்ணாடியைக் கொணர்வதும் உதவியாளர் கடமை. ஒருவர் பிசகினால் அனைவர் உழைப்பும் வீணாகும்.

ஐந்தாவது, ஆறவிடும் பொறுமை. செய்து முடித்த கலத்தை வெளியில் வைத்தால் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்கும். உட்பகுதி பின்னர்ச் சுருங்கும். இந்த இழுபறியில் கலம் வெடிக்கும். ஆகவே ஏறத்தாழ 500 டிகிரி சூட்டிலுள்ள வேறொரு சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். தடித்த கலமாயின் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

ஆறாவது, கண்ணாடிகளின் ஒற்றுமை. இரு நிறக் கண்ணாடிகள் சூட்டில் ஒரே அளவு விரிந்து, குளிரில் ஒரே அளவு சுருங்கவேண்டும். இல்லையேல் சில நாள் கழித்தேனும் கலம் பிளக்கும். இதற்குத் தொழிலாளர் கையாளும் சோதனை எளியது: இரு துணுக்குகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒன்றாக மெல்லிய இழையாக இழுப்பர். ஆறிய பின் இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்தவை. வில்போல் வளைந்தால் ஒவ்வாதவை. பல வகைப் பாட்டில்களை உடைத்து ஒன்றாகக் கலந்து கலம் செய்ய முயல்வோர் இச்சோதனையை மறக்கலாகாது.

மறைத்த வித்தையும் பகிர்ந்த வித்தையும்

முரானோவின் கதையில் நமக்குரிய பாடம் இனித்தான் வருகிறது. வெனிஸ் நகரத்தில் தீப்பிடிக்கும் அச்சத்தால் 1291-ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகள் முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. நாளடைவில் அத்தீவு வித்தையைக் காக்கும் கோட்டையாயிற்று. தொழிலாளர் பிற நாடு சென்று தொழில் செய்வது தடுக்கப்பட்டது. நுட்பங்கள் குடும்பத்திற்குள்ளும் பட்டறைக்குள்ளும் இரகசியமாக இருந்தன. இதனால் பல தலைமுறைகள் நல்ல வருவாய் பெற்றன என்பதை மறுக்க இயலாது.

லினோ தாலியபியெத்ரா என்பவர் 1934-ஆம் ஆண்டில் அத்தீவில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டுச் சிறு வயதிலேயே உலையருகே உதவியாளாகச் சேர்ந்தார். 21-ஆம் வயதில் 'மாயெஸ்திரோ', அதாவது ஆசான், என்னும் தகுதி பெற்றார். 1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காட்டுப்பகுதியிலுள்ள பில்சக் கண்ணாடிப் பள்ளியில் கற்பிக்க அவர் சென்றார். அப்பள்ளி 1971-ஆம் ஆண்டில் டேல் சிகூலி என்பவரும் நண்பர்களும் தொடங்கியது. அங்கிருந்த இளைஞர்களிடம் ஆர்வமும் துணிவும் இருந்தன. கைத்திறன் குறைவாக இருந்தது. கம்பி இழுத்தல், சுற்றியெடுத்தல், வலைப்பின்னல் ஆகிய நுட்பங்களை அவர் ஒளிவுமறைவின்றிச் செய்து காட்டினார்.

தம் தீவின் செல்வத்தை அந்நியருக்குக் கொடுத்துவிட்டார் என்று முரானோவில் சிலர் அவரைக் குறை கூறினர். அவர்கள் கவலை பொருளற்றதன்று, பிழைப்பைப் பற்றியது. எனினும் பின்னர் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். அவரிடம் கற்றவர்கள் தாமும் தேர்ந்து, பிறருக்கும் கற்பித்தனர். சியாட்டில் நகரத்தைச் சுற்றிய பகுதி கண்ணாடிக் கலைக்கு உலகறிந்த இடமாயிற்று. அவரும் புதிய மாணவர்களின் துணிவைக் கண்டு, மரபு முறைகளில் புதிய வடிவங்களைப் படைத்துப் பெரும்புகழ் பெற்றார். முரானோவிலோ இளைஞர் வரத்துக் குறைந்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு விலை பன்மடங்கு உயர்ந்தபோது பல உலைகள் அணைக்கப்பட்டன. ஓரிடத்தில் மட்டுமே உள்ள வித்தைக்கு ஓரிடத்து இடரே போதும் என்பது இதனால் விளங்கும்.

உலக நாடுகளும் இதை உணர்ந்துள்ளன. இத்தாலி, பிரான்சு நாடுகளின் கண்ணாடி மணிக் கலை 2020-ஆம் ஆண்டிலும், ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைவினைக் கண்ணாடித் தொழிலறிவு 2023-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்குப் போற்றப்படுவது கலமன்று. கையிலிருந்து கைக்குச் செல்லும் அறிவு.

நம் நாட்டுக்குரிய எச்சரிக்கை

உத்தரப் பிரதேசத்திலுள்ள பெரோசாபாத் கண்ணாடி வளையலுக்குப் பெயர்பெற்ற நகரம். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்கும் பொருட்டு, அச்சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டுமென 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கண்ணாடித் தொழிலில் எரிபொருளே பெருஞ்செலவு. உருக்கும் உலையை இரவும் பகலும் அணையாமல் காக்க வேண்டும். அடிக்கடி அணைத்து மூட்டினால் குகையும் செங்கல்லும் வெடிக்கும். ஆகவே ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு கிராமத்தில் உலை கட்டுவது தகாது.

முதற்படியாக ஏற்றது விளக்குச் சுடர் வேலை. ஆயத்தமாக விற்கும் கண்ணாடிக் கம்பியை எரிவாயுச் சுடரில் இளக்கி, மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் சுற்றி மணி செய்வதே அது. வேண்டும்போது மூட்டி, வேண்டாதபோது அணைக்கலாம். உருட்டல், நிறமறிதல், ஆறவிடல், ஒற்றுமைச் சோதனை ஆகிய பாடங்கள் அனைத்தும் இதிலேயே கிடைக்கும். உத்தரப் பிரதேசத்தில் வாரணாசி, புர்தில்நகர் முதலிய இடங்கள் மணித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. நமக்கு அருகில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியுள்ளது. சூளையின் சூட்டை ஆளத் தெரிந்தோர் அங்கு உளர். கண்ணாடி வேறு, பீங்கான் வேறு எனினும், சூளைப் பழக்கம் இரண்டிற்கும் பொது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ஒன்று: தம் எல்லையிலுள்ள கைவினைஞரைக் கணக்கெடுத்தல். கண்ணாடியாயினும் பானையாயினும் பாயாயினும், ஒவ்வொரு தொழிலிலும் மூத்தவர் யார், அவருக்கு வயது என்ன, அவரிடம் கற்போர் எத்தனை பேர் என்று எழுதிக் கிராமசபையில் படித்தல் வேண்டும். கற்போர் ஒருவருமில்லை என்ற விடை வருமாயின், அத்தொழிலுக்கு எஞ்சியுள்ள காலம் அந்த மூத்தவரின் ஆயுட்காலமே.

இரண்டு: ஆசானுக்குத் தக்க ஊதியம். வித்தையை வெளியிட்டால் தம் பிழைப்புப் போகும் என்று அவர் அஞ்சுவது இயல்பு. கற்பிக்கும் நாட்களுக்கு வேலைநாள் கூலிக்குக் குறையாத மதிப்பூதியமும், மாணவர் செய்த பொருள் விற்பனையில் ஒரு பங்கும் உறுதி செய்தால் அந்த அச்சம் நீங்கும்.

மூன்று: போதிய காலம். மூன்று நாள் முகாமில் வித்தையின் பெயரைத்தான் அறியலாம். இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, பல மாதங்கள் ஆசானுடன் தங்கிப் பழகச் செய்வதே பயன்தரும். மாவட்டத் தொழில் மையத்தை அணுகினால், நிகழும் ஆண்டில் எந்தத் தொழிலுக்கு எந்த உதவி உண்டு என்பது தெரியவரும்.

நான்கு: வயதும் பாதுகாப்பும். முற்காலத்து ஆசான்கள் சிறுவர்களாக உலையருகே சேர்ந்தனர். இன்று அது கூடாது. 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதையும், 18 வயது நிரம்பாதவரை அபாயகரமான தொழிலில் அமர்த்துவதையும் தடை செய்கிறது. பள்ளிப்படிப்பை முடித்த 18 வயதினரையே சேர்க்க வேண்டும். உலையின் ஒளியை நெடுநாள் வெறுங்கண்ணால் நோக்கினால் கண்புரை வரும். தக்க மூக்குக்கண்ணாடி இன்றியமையாதது. மணல் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தரையை நீர் தெளித்தே பெருக்க வேண்டும். உருகி ஒட்டும் செயற்கை இழைத் துணியை விடுத்துப் பருத்தி ஆடையே அணிதல் வேண்டும்.

ஐந்து: பதிவு செய்தல். ஆசானின் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை படம் பிடித்து, சரக்கின் அளவுகளையும் கருவிகளின் பெயர்களையும் அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதிவைக்க வேண்டும். பதிவு ஆசானுக்கு ஈடாகாது. ஆயினும் மாணவர் மறந்ததை நினைவூட்டும்.

ஆறு: மண்ணிலுள்ள சான்றுகளைக் காத்தல். கடலோரக் கிராமத்து உழவர்கள் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ மணிகளும் கண்ணாடிக் கசடுகளும் கிடைக்கலாம். கசடென்று எறிவதும், மணியை மட்டும் பொறுக்கி விற்பதும் தவறு. ஆய்வாளருக்கு மணியைவிடக் கசடே அதிகம் கூறும். அது கிடைத்த இடத்தில்தான் உலை இருந்தது என்பதற்குச் சான்றும் அதுவே. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தின் வழியாக அதனைச் செய்யலாம்.

முடிவுரை

அரிக்கமேட்டிலும் மணிக்கொல்லையிலும் இருந்த ஆசான்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கைப்பட்ட மணிகள் நம் வயல்களில் கிடைக்கின்றன. எந்தத் தலைமுறையில் கற்போர் இல்லாது போயினரோ, அந்தத் தலைமுறையோடு இக்கரையில் வித்தை நின்றது. மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு விதைக்கலாம். விதை நெல்லையே உண்டுவிட்டால் விதைப்பதற்கு ஒன்றுமில்லை. கைத்தொழிலுக்கு விதை நெல்லாவார் ஆசானிடம் கற்றுத் தேர்ந்த மாணவர்.

மங்கலம்பேட்டையைச் சுற்றிய கிராமங்களிலிருந்து இருவரோ மூவரோ கண்ணாடி வித்தையைக் கற்றுத் திரும்பினால் அது நம் மாவட்டம் இழந்ததை மீட்கும் தொடக்கமாகும். அதற்கு நாள் செல்லலாம். ஆனால் நம் ஊர்களில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் முதிய கைவினைஞர் அருகில் ஓர் இளைஞரை அமர்த்துவதற்கு உலையும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. அடுத்த கிராமசபையிலேயே அதனைத் தொடங்கலாம்.